பொதுப் பூங்காவில் இயற்கைப் பாட வாரம்

அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள் தொடங்கி 8ஆம் நாள் வரை நாடெங்கும் வனவிலங்கு வாரம் நடைபெறுவதைக் களப் பணியாளரும் ஆசிரியரும் நன்கு அறிவர். 1952ஆம் ஆண்டில் இந்திய வனவிலங்கு வாரியம் அமைக்கப்பட்டதன் பின்னர் நிலைபெற்ற வழக்கம் இது. இவ்வாரத்தில் காட்டுக்குச் சென்று காணும் வாய்ப்பு நகரத்துப் பள்ளி மாணவருள் மிகச் சிலருக்கே கிட்டுகின்றது. எஞ்சியோருக்கு ஊரிலுள்ள பொதுப் பூங்காவே காடு. ஆதலின் பூங்காக்களில் நடத்தப்பெறும் இயற்கை நடைகளை எவ்வாறு அமைத்தல் தகும் என்பதை ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கமாக நிகழ்வதை முதலில் கூறிவிடலாம். நூறு மாணவர் வரிசையாக நடப்பர். முன்னே செல்லும் வழிகாட்டி ஒலிபெருக்கியில் பேசுவார். அவர் குரல் கேட்கும் தொலைவில் இருப்பவர் இருபது பேர் இருக்கலாம். மரத்தில் மாட்டியுள்ள பெயர்ப் பலகையை மற்றையோர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வர். பத்து மணிக்குச் சிற்றுண்டிப் பொட்டலமும் சான்றிதழும் வழங்கப்பெறும். மறுநாள் வேறொரு பள்ளி வரும். வாரத்தின் முடிவில் 700 மாணவர் பயனடைந்தனர் என்று அறிக்கை செல்லும். அவ்வெழுநூற்றுவருள் ஒருவரை நிறுத்தி, ‘நீ பெயரெழுதிக்கொண்ட மரத்தின் இலை ஒற்றையாக நின்றதா, கூட்டிலையாக இருந்ததா?’ என்று வினவினால் விடை கிட்டுதல் அரிது. பெயர் ஏட்டில் உள்ளது. மரம் கண்ணில் படவில்லை.

இதற்கு மாற்றாக நாம் பரிந்துரைப்பது எளிதானது: ஒரே குழு, ஒரே தடம், ஏழு நாட்கள். குழுவில் இருபது மாணவருக்கு மேல் வேண்டா. தடத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வேண்டா. நாள்தோறும் புதிய இடம், புதிய பொருள் என்று மாற்றாமல், கண்ட இடத்தையே மீண்டும் காணச் செய்தல் வேண்டும். இவ்வாறு செய்தால் பயனடைவோர் தொகை குறைந்துவிடுமே என்னும் மறுப்பு எழுவது இயல்பு. அதனைக் கட்டுரையின் பிற்பகுதியில் எடுத்துக்கொள்வோம்.

எடுத்துக்காட்டாகப் பெங்களூரு லால்பாகைக் கொள்ளலாம். ஐதர் அலி 1760ஆம் ஆண்டில் தொடங்கித் திப்பு சுல்தான் வளர்த்த இத்தோட்டம், 1856இல் அரசினர் தாவரவியல் தோட்டமாயிற்று. கண்ணாடி மாளிகை 1889ஆம் ஆண்டினது. ஏறத்தாழ 240 ஏக்கர் பரப்பில் மரத்தோப்புகளும், புல்வெளியும், ஓர் ஏரியும், இவற்றினும் மிகப் பழையதான ஒரு பாறைக் குன்றும் இங்கு உள்ளன. தசரா விடுமுறையும் பெரும்பாலும் அக்டோபரை ஒட்டியே வருவதால் அந்நாட்களில் மாணவருக்கு ஓய்வு உண்டு. பூங்காவில் கூட்டமும் உண்டு. காலை ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டரை மணிக்குள் முடித்துக்கொண்டால் கூட்டத்தின் இடையூறு குறையும். பறவைகள் ஊக்கமாக இயங்கும் நேரமும் அதுவே.

ஆசிரியர் ஒன்றை முதலிலேயே மாணவருக்குத் தெளிவாக்குதல் வேண்டும். தாவரவியல் தோட்டம் என்பது காடன்று. ஏரிக்கரையில் கவிந்து நிற்கும் தூங்குமூஞ்சி மரம் தென் அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்தது; ஊசியென நிமிர்ந்து நிற்கும் அராகேரிய மரங்கள் பசிபிக் கடற்பகுதியின் நிலங்களுக்குரியவை. யாரோ விதை கொணர்ந்தார், யாரோ நட்டார், யாரோ நீர் ஊற்றினார். இத்தோட்டத்தில் எவராலும் கொண்டுவரப்படாதவை அப்பாறையும், தாமாகவே வந்து சேரும் பறவைகளும் பூச்சிகளும் களைகளுமே. இதனை மறைத்து, எல்லாவற்றையும் ‘இயற்கை’ என்று ஒரு சொல்லால் போர்த்துவது பிழை. மனிதன் வைத்த மரத்தை நாடி மனிதன் அழையாத உயிர்கள் எவ்வாறு வந்து குடியேறுகின்றன என்பதே பூங்காவில் கற்கத்தக்க சிறந்த பாடம்.

பாறை

முதல் நாளைப் பாறையிலேயே கழிப்பது நலம். மேலே கெம்பேகவுடரின் பெயரால் வழங்கும் சிறு கோபுரம் நிற்கின்றது. பாறை தீபகற்ப நைஸ் என்னும் வகையைச் சார்ந்தது. இந்திய நிலப்பொதியியல் அளவாய்வுத் துறை இதனைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துள்ளது. இதன் வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள்.

முந்நூறு கோடி என்று சொன்னவுடன் மாணவர் வியப்பது போலத் தோன்றுவர்; உண்மையில் அவ்வெண் அவர்களுக்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை. நமக்கும் அங்ஙனமே. ஆகவே 45 மீட்டர் நீளமுள்ள கயிறு ஒன்றைக் கொண்டுசெல்க. பூமியின் வயது ஏறத்தாழ 450 கோடி ஆண்டுகளாதலின், கயிற்றில் ஒரு மீட்டர் பத்துக் கோடி ஆண்டுகளைக் குறிக்கும். ஒரு மில்லிமீட்டர் ஓர் இலட்சம் ஆண்டுகள். கயிற்றைப் பாறையின்மேல் நேராக விரித்து, ஒரு முனையை ‘இன்று’ எனக் கொள்க. அம்முனையிலிருந்து 30 மீட்டர் தொலைவில் ஒரு மாணவனை நிறுத்துக. அவன் நிற்கும் இடத்தில்தான் அவன் காலடியிலுள்ள பாறை உருவாயிற்று. நிலத்தில் செடிகள் தோன்றியது இன்றைய முனையிலிருந்து ஐந்து மீட்டருக்குள். டைனோசர்கள் மறைந்தது 66 சென்டிமீட்டரில். மனித இனம் தோன்றி ஏறத்தாழ மூன்று இலட்சம் ஆண்டுகள் என்பர். அது மூன்று மில்லிமீட்டர். கோபுரத்தின் வயதைக் கயிற்றில் காட்டுக என்று இறுதியில் கேட்க வேண்டும். யாராலும் இயலாது. ஐந்நூறு ஆண்டுகள் தலைமயிரின் பருமனுக்கும் மிகக் குறைந்தவை. இதனைத் தாமே கணக்கிட்டுக் காணும் மாணவர் சற்று நேரம் பேசாதிருப்பர். அப்பேசாமையை வழிகாட்டி தம் சொற்களால் கலைத்துவிடலாகாது.

பின்னர்ப் பாறையைக் கையால் தொட்டறியச் செய்க. கருநிறக் கோடுகளும் வெளிர்நிறக் கோடுகளும் மாறிமாறி, பிசைந்த மாவில் இழுத்த வரிகள் போல் ஓடுவதைக் காணலாம். வெளிர்நிறப் பகுதி பெரும்பாலும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகியவற்றால் ஆனது. கருநிறப் பகுதியில் கரும் அப்பிரகம் மிகுதி. நிலத்தின் ஆழத்தில் பெரும் வெப்பத்திற்கும் அழுத்தத்திற்கும் உட்பட்டுக் கனிமங்கள் வரிசைப்பட்டதன் விளைவே இவ்வரிகள். பாறையின் மேற்பரப்பு வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாகப் பெயர்வதையும் சுட்டுக. அவ்வாறு பெயர்ந்த விளிம்புகளிலும் சிறு குழிகளிலும் மண் சேர்ந்திருக்கும். அம்மண்ணில் புல் முளைத்திருக்கும். மண்ணற்ற வழுக்கைப் பரப்பில் சாம்பல் நிற, மஞ்சள் நிறத் திட்டுகளாக ஒட்டியிருப்பது லைக்கன். அது ஒரே உயிரன்று. பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் கூட்டு வாழ்க்கை. சமையலறையில் மசாலாப் பொருளாக வழங்கும் கல்பாசியும் இவ்வினத்ததே என்று சொன்னால் மாணவர் முகம் மலரும். லைக்கன், பாசி, புல், செடி என்னும் வரிசையைச் சில தப்படிகளுக்குள் ஒருசேரக் காணத்தக்க இடங்கள் நகரத்தில் அரிது.

ஒரு லைக்கன் திட்டைத் தேர்ந்து, மெல்லிய தாளை மேலே வைத்து விளிம்பை வரைந்துகொள்ளுமாறு இரு மாணவரிடம் கூறுக. ஏழு நாட்களில் அது வளர்ந்ததாகத் தெரியாது. எனினும் வரைக. அதன் பயன் பின்னர்க் கூறப்படும்.

ஏரிக்கரையில் எண்ணுதல்

தடத்தின் மறுமுனை ஏரி. இங்கே நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இருபது நிமிடம் அமர்ந்து பறவைகளை எண்ணுதல் வேண்டும். நீர்க்காகம் சிறகை விரித்து உலர்த்துவதும், குளத்துக் கொக்கு கரையில் அசையாது நிற்பதும், மீன்கொத்தி நீரில் பாய்வதும், பருந்து மேலே வட்டமிடுவதும் பெரும்பாலான நாட்களில் காணக்கூடியவை. எண்ணுவதற்கு ஒரு விதி இன்றியமையாதது. நீர்க்காகம் மூழ்கி வேறிடத்தில் எழும். அதனை இரண்டெனக் கொள்ளுதல் எளிது. ஆகவே ஒரே சமயத்தில் கண்ணுக்குப் புலப்பட்ட மிகப் பெரிய தொகையையே குறிக்க வேண்டும். ‘மொத்தம் எத்தனை வந்து போயின’ என்று கணக்கிட முயலலாகாது.

குழுவை இரண்டாகப் பிரித்து, ஒருவர் எண்ணிக்கையை மற்றவர் அறியாதவாறு எண்ணச் செய்க. ஒரு பிரிவு பதினொன்று என்றும் மற்றது பதினான்கு என்றும் கூறக்கூடும். இவ்விடத்தில்தான் ஆசிரியரின் மனவுறுதி சோதிக்கப்படுகின்றது. எது சரி என்று தீர்ப்புக் கூறும் விருப்பம் எழும். குறைவாக எண்ணியோர் மறுநாள் தொகையைக் கூட்டிச் சொல்லும் விருப்பமும் எழும். இரண்டையும் தவிர்த்து, இரு எண்களையும் அப்படியே எழுதச் செய்தல் வேண்டும். நான்காம், ஐந்தாம் நாட்களில் இவ்வேறுபாடு தானே குறைந்துவருவதை மாணவர் காண்பர். கண் பழகுவது என்பதன் பொருளை அவ்வெண்களே சொல்லும். வானம் மூடிய நாளில் தொகை மாறுவதும், படகோ நாயோ வந்த நாளில் கரைப் பறவைகள் விலகுவதும், தேதியின் எதிரே எழுதிய குறிப்புகளால் விளங்கும். ஒருநாள் மட்டும் வந்து செல்வோருக்கு இந்த எண் வெறும் எண். ஏழு எண்கள் வரிசையாக நின்றாலன்றி அவற்றைக் கொண்டு வினா எழுப்ப இயலாது.

இக்காலத்தில் கரையோரம் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் மெலிந்த வாலாட்டிக் குருவியைக் காணும் நல்வாய்ப்பும் உண்டு. சாம்பல் வாலாட்டி இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்திற்குத் தெற்கே வருவது. நேற்று இல்லாதது இன்று வந்திருந்தால் மாணவரே முதலில் கூறட்டும். வழிகாட்டி முன்னரே கண்டுவிட்டாலும் சற்றுப் பொறுத்திருத்தல் தகும்.

பெயரும் பொருளும்

மாணவர் ‘இது என்ன?’ என்று கேட்பர். உடனே பெயரைச் சொல்லிவிட்டால் அவர்கள் பார்வை அம்மரத்தை விட்டு நீங்கிவிடும். முதலில் இலை, பட்டை, கிளை, மணம் ஆகியவற்றை அவர்களே சொல்லட்டும். பெயர் கடைசியில் வரட்டும். இப்பொழுது கைப்பேசியைக் காட்டினால் செடியின் பெயரையும், குரலைக் கேட்டால் பறவையின் பெயரையும் கூறும் செயலிகள் வந்துள்ளன. அவற்றை விலக்க வேண்டியதில்லை. வருணனை எழுதி முடித்த பின்னரே கைப்பேசி வெளியே எடுக்கப்பட வேண்டும் என்பது மட்டும் விதியாகட்டும். அப்பொழுது செயலி தவறினாலும் மாணவர் கையில் வருணனை எஞ்சியிருக்கும்.

பெங்களூரில் பெயர் பற்றி இன்னொரு சிக்கலும் உண்டு. அதுவே நல்ல பாடமும் ஆகின்றது. அங்குள்ள தமிழ் மாணவன் அரச மரத்தைக் காட்டி ‘அரசு’ என்பான். கன்னட மாணவன் அதையே ‘அரளி’ என்பான். தமிழிலோ அரளி என்பது நச்சுத்தன்மையுள்ள பூஞ்செடி. ஒருவனுக்குத் தொழத்தக்க மரத்தின் பெயர், மற்றவனுக்கு வாயில் வைக்கலாகாத செடியின் பெயர். அத்தி மரத்தில் இருவர் பெயரும் ஒன்றுபடும். புங்க மரத்தில் மீண்டும் பிரியும், கன்னடத்தில் அது ‘ஹொங்கே’. ஃபைக்கஸ் ரிலிஜியோசா என்னும் இலத்தீன் பெயர் ஏன் வேண்டப்பட்டது என்பதை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூலும் விளக்காது. லின்னேயஸ் 1753இல் வகுத்த இருசொற் பெயர்முறையை இவ்விடத்தில் கூறலாம். தாய்மொழிப் பெயரைத் தாழ்த்திக் கூற வேண்டா. ஊர்ப்பெயர் ஊராருடன் பேசுவதற்கு. இலத்தீன் பெயர் ஊர் கடந்து பேசுவதற்கு.

தோட்டப் பணியாளர் ஒருவரை ஒருநாள் அரைமணி நேரம் உடன் அழைத்தல் மிகவும் பயன் தரும். எந்தக் கிளையில் எப்பொழுது தேன்கூடு கட்டப்பட்டது, எந்த மரம் சென்ற மழையில் சாய்ந்தது, அதன் வேர் எவ்வாறு அழுகியிருந்தது என்பனவற்றை அவரே அறிவார். நம்முள் பலர் இவரை வழி விலகச் சொல்லிவிட்டு மரத்தைப் பற்றி விரிவுரை ஆற்றுகின்றோம்.

அத்தியும் குளவியும்

தடத்தில் ஒரு ஃபைக்கஸ் இன மரமேனும் இருத்தல் வேண்டும். ஆல், அரசு, அத்தி எதுவாயினும் ஆகும். கனி பெரிதாதலின் அத்தி மிக ஏற்றது. மரத்திலிருந்து எதையும் பறிக்கலாகாது. உதிர்ந்து கிடக்கும் கனிகளே போதும்.

‘அத்தி பூத்தாற்போல’ என்று நாம் அரிய நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். அத்தியோ ஆண்டுதோறும் பலமுறை பூக்கின்றது. பூக்கள் வெளியே தெரியாமல் உள்ளே இருப்பதே வேறுபாடு. கனி என்று நாம் கருதும் உருண்டை, உட்புறமாகக் குவிந்த பூந்தண்டு. அதன் உட்சுவரில் நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள் உள்ளன. அதன் நுனியில் செதில்களால் அடைபட்ட சிறு துளை உண்டு. ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் நீளமேயுள்ள பெண் குளவி, வேறொரு மரத்திலிருந்து மகரந்தம் சுமந்து, மணத்தை வழிகாட்டியாகக் கொண்டு பறந்துவந்து அத்துளை வழியே நுழைகின்றது. வழி மிகக் குறுகலாதலால் அதன் சிறகுகள் பெரும்பாலும் முறிந்துவிடும். மீண்டு வருதல் இல்லை. உள்ளே பெண்பூக்களில் மகரந்தத்தைச் சேர்த்து, அவற்றுள் சிலவற்றில் முட்டையிட்டு, அங்கேயே மடிகின்றது.

சில வாரங்களில் இளங் குளவிகள் வளர்கின்றன. ஆண் குளவிகள் முதலில் வெளிப்படும்; அவற்றுக்குச் சிறகே இல்லை. அவை பெண் குளவிகளுடன் கூடி, பின்னர்க் கனியின் சுவரைக் குடைந்து வழி திறக்கின்றன. தாம் பறந்து செல்ல இயலாத அவ்வழியைத் திறந்த அளவில் அவற்றின் வாழ்நாள் முடிகின்றது. அப்பொழுது ஆண்பூக்கள் முதிர்ந்திருக்கும். பெண் குளவிகள் அம்மகரந்தத்தை ஏற்று, திறந்த வழியாகப் பறந்து அடுத்த மரத்தைத் தேடும். ஒவ்வோர் அத்தி இனத்திற்கும் பெரும்பாலும் அதற்கேயுரிய குளவியினம் உண்டு. குளவி இன்றேல் விதை இல்லை. அம்மரம் இன்றேல் அக்குளவி இல்லை. ஒரு மரத்தில் கனி முடியும் காலத்தில் அருகே வேறொரு மரத்தில் காய் தொடங்கியிருந்தால்தான் இத்தொடர் அறாது. தெருவிலுள்ள ஆலும் அரசும் ஒவ்வொன்றாக வெட்டப்படும்போது பறவைக்கு உணவு குறைகின்றது என்பதை யாவரும் உணர்வர். மரத்திற்கும் மரத்திற்கும் இடையிலுள்ள தொலைவு கூடுவதைக் குளவி மட்டுமே உணரும்.

உதிர்ந்த கனியில் வெளியேறிய துளையை மாணவர் தேடிக் காணட்டும். கைவில்லையின் கீழ்ப் பிளந்து பார்த்தால் நுண்ணிய உடல்கள் தென்படும். ‘அப்படியானால் அத்திப்பழம் தின்றவர் பூச்சியையும் தின்றவரா?’ என்று யாரேனும் ஒருவர் கேட்பது உறுதி. நாட்டு அத்தியைப் பொறுத்தவரை ஆம் என்பதே நேர்மையான விடை. கடையில் விற்கும் சீமை அத்தி வகைகளுள் பல குளவியின் துணையின்றியே பழுப்பவை என்பதையும் சேர்த்துக் கூறுக. இன்றேல் சில வீடுகளில் அன்று மாலை வாக்குவாதம் மூளும்.

மாலையும் மழையும்

ஒருநாள் மட்டும் காலைக்குப் பதிலாக மாலையில் கூடலாம். இதற்குத் தோட்ட அலுவலகத்தின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும். தூங்குமூஞ்சி மரம் இலைகளை மடக்கத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்க. வானம் மூடிய மாலையில் அது முந்துகின்றதா என்று கேட்க. கதிரவன் மறைந்து சிறிது நேரத்தில் வௌவால்கள் வானில் தோன்றும். மரமல்லி பூத்திருந்தால், மறுநாட்காலை அதன் அடியில் உதிர்ந்து கிடக்கும் வெள்ளைப் பூக்களின் நீண்ட குழலை அளவுகோலால் அளக்கச் செய்க. இத்துணை நீண்ட குழலின் அடியிலுள்ள தேனைப் பருகுவது எது, அது ஏன் பகலில் வரவில்லை, பூ ஏன் வெண்மையாக இருக்கின்றது என்னும் மூன்று வினாக்கள் போதும். இரவில் பறக்கும் நீண்ட உறிஞ்சுகுழலுள்ள அந்துப்பூச்சியை மாணவர் கண்ணால் காணாமலே ஊகித்தறிவர்.

பெங்களூரில் செப்டம்பரும் அக்டோபரும் மழை மிகும் மாதங்கள். மழை பெய்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிடும் வழக்கம் வருந்தத்தக்கது. மின்னலும் காற்றும் இருந்தால் மரத்தடியையும் பாறையையும் விட்டு விலகவேண்டியது கட்டாயம். தூறல் நின்ற பின்னர் வெளியே வருதலில் தவறில்லை. முதல்நாள் சாம்பலாக இருந்த லைக்கன் சில நனைந்தவுடன் பசுமை காட்டும். பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் பாதையில் ஊரும். அவற்றைக் கையால் தொடலாகாது, நோய்க் கிருமிகளைச் சுமப்பன. இந்நத்தை இந்நாட்டினதன்று. 1847இல் பென்சன் என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர் மொரீஷியசிலிருந்து கல்கத்தாவுக்குக் கொணர்ந்தது தோட்டத்தில் விடப்பட்டுப் பெருகிற்று என்பது வரலாறு. இன்று நாட்டின் பல பகுதிகளில் பயிரை அழிக்கும் பூச்சிகளின் வரிசையில் அதற்கு இடமுண்டு. கொணர்ந்தவர் தீங்கு கருதியவரல்லர். நத்தைகளை விரும்பிப் பயின்றவர்.

ஓர் ஆந்தை

ஏழு நாட்களும் ஒரே தடத்தில் செல்லுதல் வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. அதனைக் கூறாது விடுவது முறையன்று.

பல ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரின் பூங்காவில் இத்தகைய வாரம் ஒன்றை நான் நடத்தினேன். வழியிலிருந்த முதிய மரம் ஒன்றின் பொந்தில் புள்ளி ஆந்தை ஒன்று தங்கியிருந்தது. முதல் நாள் மாணவருக்கு அதனைக் காட்ட விரும்பி, மரத்தை ஒரு கழியால் தட்டினேன். ஆந்தை தலையை நீட்டி, வட்டக் கண்களால் எங்களை உற்று நோக்கித் தலையை மேலும் கீழும் அசைத்தது. மாணவர் மகிழ்ந்து கைதட்டினர். இரண்டாம் நாள் அவர்களே கேட்டனர், மீண்டும் தட்டினேன். மீண்டும் எட்டிப் பார்த்தது. மூன்றாம் நாள் தட்டியும் வரவில்லை. நான்காம் நாள் பொந்தின் வாயில் ஒரு மைனா அமர்ந்திருந்தது. ஆந்தையை அவ்வாரம் மீண்டும் காணவில்லை.

‘ஐயா, அது எங்கே போயிற்று?’ என்று ஒரு சிறுமி கேட்டாள். இரை தேடிச் சென்றிருக்கும் என்று சொன்னேன். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. ‘அது பகலில் தூங்கும், இரவில்தான் இரை தேடும் என்று நீங்கள்தானே முதல்நாள் சொன்னீர்கள்?’ என்றாள். அதன்பின் உண்மையைக் கூறுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. பகலில் உறங்க வேண்டிய உயிரை இருமுறை எழுப்பியவன் நான். அது பாதுகாப்பான வேறிடம் தேடிச் சென்றிருக்கலாம் என்றேன். குறிப்பேட்டில் என்ன எழுதுவது என்று கேட்டாள். நடந்ததை நடந்தவாறே எழுதச் சொன்னேன். எழுதினாள், தட்டியவர் யார் என்பது உட்பட.

அந்நிகழ்ச்சி ஒருநாள் நிகழ்ச்சியாக இருந்திருந்தால், மாணவருக்கு ஆந்தை காட்டிய நல்ல வழிகாட்டி என்னும் நினைவோடு நான் வீடு திரும்பியிருப்பேன். நாள்தோறும் புதிய குழுவைக் கொணர்ந்திருந்தால், ஆந்தை அன்று இல்லை என்று மட்டும் சொல்லிக் கடந்திருப்பேன். நம் செயலின் விளைவு நம் கண்முன் வந்து நிற்பதற்குச் சில நாட்கள் வேண்டும். அதே கண்களும் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதைக் குற்றமெனக் கொள்கின்றது. கூட்டைத் தொடலாகாது என்பதை நாமும் மாணவருக்குத் தவறாது கூறுகின்றோம். கழியால் தட்டுவதையும், பதிவு செய்த குரலை ஒலிக்கச் செய்து பறவையை அழைப்பதையும், படமெடுப்பதற்காக நெருங்குவதையும் நாமே செய்கின்றோம்.

எண்ணிக்கை பற்றி

இனி முன்னர்க் குறித்த மறுப்புக்கு வருவோம். மேலதிகாரி எழுநூறு கேட்கையில் இருபதை எவ்வாறு காட்டுவது? களப் பணியாளர் பலரின் உண்மையான இடர்ப்பாடு இதுவே. இதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. ஏழாம் நாளைப் பயன்படுத்திக்கொள்வது ஒரு வழி. அன்று இருபது மாணவரும் வழிகாட்டிகளாகட்டும். ஒவ்வொருவரும் தத்தம் வகுப்பிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஐவரை அழைத்துவரட்டும். நூறு பேர் ஆயினர். பாறையில் கயிற்றை விரிப்பவர், ஏரிக்கரையில் எண்ணும் விதியைச் சொல்பவர், அத்திக்கனியைப் பிளந்து காட்டுபவர் என இடத்துக்கு ஓரிருவர் நிற்க, வந்தவர் சிறு சிறு குழுக்களாகச் செல்லட்டும். ஆசிரியர் கடைசியில் நடக்க வேண்டும். வாய் திறவாதிருத்தல் மேலும் நன்று. மாணவன் பிழையாகக் கூறினால் அன்று மாலை தனியே திருத்தலாம். நூறு என்பது எழுநூறு ஆகாது. ஆயினும் அறிக்கையில் எழுதத்தக்க எண்ணே.

வாரம் முடிந்த பின்னர்த் தொடர விரும்பும் பள்ளிகளுக்கு வழி உண்டு. ஒரு மரத்தைத் தேர்ந்து அதன் தளிர், பூ, காய் ஆகியவற்றைத் தொடர்ந்து குறித்தனுப்பும் சீசன்வாட்ச் போன்ற திட்டங்களில் பள்ளிகள் சேரலாம். அதுவும் இயலாதாயின், பள்ளி வாயிலில் நிற்கும் புங்க மரமே போதும்.

கருவிகளைப் பற்றி ஒரு சொல். கயிறு, அளவுகோல், பத்து மடங்கு பெருக்கும் கைவில்லை நான்கு, தொலைநோக்கி ஒன்றோ இரண்டோ, பென்சில், தைத்த குறிப்பேடு ஆகியவற்றுக்கு மேல் ஏதும் தேவையில்லை. பேனாவின் மை மழையில் கரையும். குறிப்பேடு ஒவ்வொருவருக்கும் ஒன்றாக அன்றி, குழுவுக்கு ஒன்றாக இருத்தல் நலம். நாளுக்கு இருவர் எழுதட்டும், எழுதியவர் பெயர் பக்கத்தின் அடியில் இருக்கட்டும். அடித்த இடத்தை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும். பக்கத்தைக் கிழித்தல் கூடாது.

ஏழாம் நாள் முடிவில் அக்குறிப்பேட்டின் ஒரு படியைப் பள்ளியிலும் மற்றொன்றைத் தோட்ட அலுவலகத்திலும் வைக்க வேண்டும். லைக்கனின் விளிம்பை வரைந்த தாளும் அதனுள் இருக்கும். எந்தப் பாறை, எந்தப் பக்கம், எத்தனை தப்படி என்பது தாளின் பின்புறத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். ஏனெனில் அடுத்த அக்டோபரில் அத்தாளை எடுத்துச் சென்று மீண்டும் அதே திட்டின்மேல் வைத்துப் பார்ப்போர் வேறு மாணவராக இருப்பர்.